ஆயிரத்துக்கு ஒன்று குறைவு

அந்த டாக்ஸி ஸ்டாண்டில் வண்டிகள் இரண்டு வரிசையாக நிற்கும். பேருந்து நிலையத்தின் மதிலை ஒட்டி நிற்பது தரை வரிசை. ரயில் நிலையம், கடைத்தெரு, பள்ளிக்கூடம் என்று சமதளத்திலேயே சுற்றி வருகிற வண்டிகள். எதிரே, மருந்துக்கடை வாசலில் நிற்பது மலை வரிசை. மலை உச்சியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்கு நான்கு பேராக ஆள் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரப் பலகை: 'மலை வரிசையில் 1500 சிசிக்குக் குறைந்த வண்டிகள் நிற்கக் கூடாது. இப்படிக்கு, சங்கம்.'

சங்கம் என்று போட்டிருந்தாலும் விதியை யோசித்தது, முன்மொழிந்தது, ஏணி போட்டு ஏறிச் சிவப்புப் பெயிண்டில் எழுதியது எல்லாம் ஒரே ஆள்தான். ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் ரெண்டாயிரம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்சில் இருக்கிறது, அதைப் போலீஸ்காரர்கள் மட்டும் வாசிப்பார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் ரெண்டாயிரம். வைத்திருந்த வண்டி இரண்டாயிரம் சிசி டீசல் என்பது ஒரு காரணம். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி 'எத்தனை சிசி?' என்பது இன்னொரு காரணம். அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில், பையன் என்ன படித்திருக்கிறான் என்று எல்லோரும் விசாரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் வாசலுக்கு வந்து அவனுடைய பைக்கைக் குனிந்து பார்த்து, "நூறுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினாராம். சம்பந்தம் எப்படியோ முடிந்துவிட்டது. அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் இவரைக் கண்டால் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்பார், தன் வண்டியின் பானெட்டைத் தட்டிக்கொண்டே. உண்மையில் அந்த யானைக்குள் இருந்த குதிரைகள் ரொம்பக் கம்மி. இரண்டாயிரம் சிசியாக இருந்தும், புதிதாக இறங்கிய நாளிலேயே அது தந்தது ஐம்பத்துச் சொச்சம் குதிரைசக்திதான். டர்போ கிடையாது, வேகமாகச் சுற்றவும் மாட்டாது. ஆனால் இழுக்கும். கிளட்சை மெதுவாக விட்டால் போதும், ஆக்சிலேட்டரைத் தொடாமலே கிழட்டு மாடு மாதிரி நடக்க ஆரம்பித்துவிடும். மலைப்பாதை முழுக்க அது ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. கத்தவிட அவருக்கு மனசும் வராது. இன்ஜின் கத்தினால் அதற்கு வலிக்கிறது என்று நம்புகிற ஆள் அவர்.

இந்த சிசி பக்திக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய கதை.

அப்போது எந்த வண்டி வேண்டுமானாலும் மலைக்கு ஓடலாம். பாதி வழியில் ஒரு வளைவு இருக்கிறது. மாமியார் வளைவு என்பார்கள். எவ்வளவு மரியாதையாக வந்தாலும் குற்றம் கண்டுபிடிக்கும் என்பதால் அந்தப் பெயர். ஒரு நாள், எண்ணூறு சிசி குட்டி வண்டி ஒன்று ஆள் நிரம்ப ஏறிக்கொண்டிருந்தது. எதிரே லாரி வர, வளைவில் நின்றது. மறுபடி எடுக்கும்போது ஏற முடியாமல் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னாலேயே வந்த ரெண்டாயிரம் ஒதுங்கவில்லை. தன் வண்டியை நேராகக் கொண்டுபோய் முட்டுக் கொடுத்தார். பம்பர் நசுங்கியது. குட்டி வண்டி பள்ளத்தில் விழாமல் சாக்கடை ஓரத்தில் சாய்ந்து நின்றது. உள்ளே இருந்த நான்கு பேரில் ஒருத்தி ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். கணுக்கால் சுளுக்கிக்கொண்ட அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் இறக்கினார். அடுத்த நாள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கப் போனார். அதற்கடுத்த நாள் இன்னொரு கால் எப்படி இருக்கிறது என்று கேட்கப் போனதாக ஸ்டாண்டில் சொல்வார்கள்.

"எனக்குப் பொண்ணு பார்த்துக் குடுத்தது எங்க அம்மா இல்ல, ரெண்டாயிரம் சிசி" என்று அவரே பெருமையாகச் சொல்வார். கல்யாணமான கையோடு பலகையும் ஏறியது.

அவருடைய வீட்டுக்காரி இப்போது அந்தச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர். விடியும் முன்பே இயந்திரங்களைத் தொடங்க வேண்டும் என்பதால் ஆஸ்பத்திரிக் குடியிருப்பிலேயே ஓர் அறை. வார விடுமுறைக்குத்தான் கீழே வருவாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு கீழே இருக்கும் வீடு ராத்திரி தூங்கப் போகிற இடம், அவ்வளவுதான். குடும்பம் என்று அவர்கள் நடத்தியது எல்லாம் மத்தியான அரை மணி நேரம். கிழட்டு டீசல் மேலே ஏறி வந்தால் சூடு ஆற அவ்வளவு நேரம் வேண்டும். அது ஆறட்டும் என்று பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சலவைக்கூடத்தின் பின்பக்கம் போவார். காயும் போர்வைகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவார்கள். மகள் போனில் சொன்னது, தண்ணீர்க் குழாய் ஒழுகுவது, பக்கத்து வீட்டுக்காரரின் இருமல் என்று பேச்சு. மலை வரிசை என்றால் அவருக்கு அந்தப் பெஞ்சுதான்.

அந்த டீசல் ஒரு மழைநாளில் நின்றுபோனது. இன்ஜினின் தலைப்பக்கம் வெடிப்பு விட்டிருந்தது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கு இனிமே ஸ்பேர் இல்ல, மாலைதான்" என்றான்.

பழைய டீசல் டாக்ஸியை ஒப்படைத்தால் புதிய வண்டி என்று ஒரு திட்டம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நிபந்தனை, எல்லோருக்கும் ஒரே மாடல். ரெண்டாயிரம் போய் வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று சிலிண்டர் பெட்ரோல், டர்போ. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது சிசி.

ஷோரூமிலேயே வண்டிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். ஷோரூம்காரனிடம் கேட்ட கேள்வி இன்றைக்கும் ஸ்டாண்டில் பிரபலம்.

"தம்பி, ஆயிரத்துக்கு ஒண்ணு குறையுதே. அந்த ஒண்ணையாவது போட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?"

"சார், இது நூறு குதிரை சார். உங்க பழைய வண்டியில ரெண்டை ஒண்ணா வச்ச மாதிரி."

"நூறு குதிரையை ஒரு தீப்பெட்டியில அடைச்சா, ஒண்ணை ஒண்ணு மிதிச்சே செத்துப்போகும் தம்பி."

மறுநாள் காலையில் புது வண்டியோடு ஸ்டாண்டுக்கு வந்தவர், பழக்கத்தில் மருந்துக்கடைப் பக்கம் திருப்பிவிட்டார். எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். எழுத்து கொஞ்சம்கூட மங்கவில்லை, நல்ல பெயிண்ட். வண்டியைப் பின்னால் எடுத்து, அரைவட்டம் அடித்து, மதில் ஓரமாகக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அவருக்கு முன்னால் நின்ற வண்டியின் பின்கண்ணாடியில் 'மிக்சி' என்று வளைத்து வளைத்து எழுதியிருந்தது.

மிக்சி என்பது வண்டியின் பெயர், ஓட்டுகிறவளின் பெயரும் அதுதான். மூன்று வருடம் முன்பு பள்ளி வேன் ஓட்டுவதை விட்டுவிட்டு, இதே மாதிரி ஒரு லிட்டர் டர்போ வண்டியோடு வந்தவள். நேராக மலை வரிசையில் போய் நின்றாள். ரெண்டாயிரம்தான் போய்ப் பலகையைக் காட்டினார். "அண்ணே, இது டர்போ" என்றாள். "டர்போவோ டம்ளரோ, எத்தனை சிசி?" என்றார் அவர். ஸ்டாண்டே சிரித்தது. வண்டியின் சத்தம் சமையலறையில் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று யாரோ மிக்சி என்றார்கள். அடுத்த வாரம் அவளே காசு கொடுத்து அந்தப் பெயரைக் கண்ணாடியில் எழுதி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கேலி செய்வதில் யாருக்கும் சுவாரசியம் இல்லை.

இப்போது அவள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். "வாங்கண்ணே. நம்ம ஏரியாவுக்கு முதல் தடவை வர்றீங்க. தண்ணி கிண்ணி வேணுமா?"

"ம்" என்றார் ரெண்டாயிரம். வேண்டும் என்றா, வேண்டாம் என்றா என்பது அவருக்கே தெரியாது.

தரை வரிசையில் வேலைக்குக் குறைவில்லை. ரயிலுக்கு அவசரமாகப் போகிறவர்கள், கடைத்தெருவில் பைகளோடு ஏறுகிறவர்கள், பல் பிடுங்கிக்கொண்டு வாயைப் பொத்தியபடி ஏறுகிறவர்கள். ஆனால் மத்தியானம் ஆனால் அவர் கண் தானாக மணியைப் பார்க்கும். பேருந்து காலையில் ஒன்று ஏறும், சாயங்காலம் ஒன்று இறங்கும். அதை நம்பினால் ஒரு நாள் பிழைப்பு போய்விடும். போனில் பேசினார்கள். போனில் என்ன பேசுவது? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீங்க?" "ம்." அதற்குமேல் ஓடவில்லை. பெஞ்சில் அருகருகே இருக்கும்போது ஒன்றுமே பேசாமல் இருந்த நாட்கள் எத்தனையோ உண்டு. போனில் சும்மா இருந்தால் 'லைன் கட்டாயிடுச்சா?' என்று கேட்கிறாள்.

இரண்டாவது வாரம் பொறுக்க முடியவில்லை. பிழைப்பு போனால் போகிறது என்று காலைப் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்.

சலவைக்கூடத்துக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். ஒரு பக்கம் ஆள் உயரப் பெரிய இயந்திரம், இன்னொரு பக்கம் புதிதாக வந்த சின்ன இயந்திரங்கள் இரண்டு. பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் புலம்ப ஆரம்பித்தார்.

"ரெண்டாயிரத்தைக் குடுத்துட்டு ஆயிரம் வாங்கிட்டு வந்திருக்கேன். அதுவும் முழு ஆயிரம் இல்ல. பாதி ஆளாயிட்டேன் இவளே."

"அது என்னங்க சிசி? இத்தனை வருஷமா சொல்றீங்க, நானும் தலையாட்டிட்டே இருக்கேன்."

"இன்ஜின் வயித்துக்குள்ள எவ்வளவு இடம்னு கணக்கு. எவ்வளவு இடமோ அவ்வளவு காத்து. எவ்வளவு காத்தோ அவ்வளவு எரிபொருள். அதான் பலம்."

அவள் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே யோசித்தாள். பிறகு கையிலிருந்த கரண்டியை இயந்திரங்கள் பக்கம் நீட்டினாள்.

"அந்தப் பெரிய மிஷின் இருக்கே, ஒரு ஈட்டுக்கு நாப்பது போர்வை தின்னும். இந்தச் சின்னது இருபதுதான். ஆனா பெரிசு ஒரு ஈடு முடிக்கிறதுக்குள்ள சின்னது மூணு ஈடு முடிச்சுட்டு, 'அடுத்தது எங்க'ன்னு கேக்குது. சாயங்காலம் எண்ணினா எது அதிகம்?"

"சின்னது..."

"அப்ப வயிறு மட்டும் கணக்கு இல்லையே. எத்தனை தடவை சாப்பிடுதுங்கறதும் கணக்குதானே. உங்க டர்போ என்ன பண்ணும்?"

"புகை வெளிய போற வேகத்துல ஒரு காத்தாடி சுத்தும். அது இன்னும் கொஞ்சம் காத்தை உள்ள அமுக்கும்னு சொல்றாங்க."

"அட, நாங்க காலால மிதிச்சு இன்னும் பத்துப் போர்வை திணிக்கிற மாதிரி."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அதெல்லாம் சரி. அன்னைக்கு அந்த எண்ணூறு சிசி ஏறலையே. உன் கால் போச்சே" என்றார்.

அவள் தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"என்ன?"

"அன்னைக்கு நான் முன் சீட்டுலதான் உக்காந்திருந்தேன். அந்த டிரைவர் வழி பூரா திரும்பித் திரும்பிப் பேசிட்டே வந்தான். லாரி போனதும் எடுத்தான் பாருங்க, கியர் குச்சியை மாத்தவே இல்ல. ரெண்டாவதுலயே விட்டுட்டான். ஒண்ணாவதுல போட்டிருந்தா ஏறியிருக்குமோ என்னவோ. எனக்கு அப்ப வண்டி பத்தி என்ன தெரியும்? அப்புறம் உங்ககூட முன் சீட்டுல வந்து வந்து, நீங்க நின்னு எடுக்கறதைப் பார்த்துதான் புரிஞ்சுது."

"ஏன் சொல்லலை?"

"அதுக்குள்ள நீங்க பலகை எழுதிட்டீங்களே" என்றாள் அவள். "எனக்காக ஒருத்தர் ஏணி மேல ஏறி எழுதினது. அதைப் போய்த் தப்புன்னு எப்படிங்க சொல்றது?"

ரெண்டாயிரம் சாயங்காலப் பேருந்தில் ஏறினார். இறங்கும் வழியில் மாமியார் வளைவு வந்தபோது ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். சாக்கடை அப்படியே இருந்தது.

சங்கத்தின் அடுத்த கூட்டம் ஸ்டாண்டின் நிழற்கூடத்தில் நடந்தது. தலைவருக்குப் பல்செட்டு என்று பெயர். கோபம் வந்தால் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதற்கப்புறம் அவர் சொல்வது யாருக்கும் புரியாது. புரியாத தீர்ப்பை எதிர்த்து யாரும் வாதாடவும் முடியாது.

ரெண்டாயிரம் எழுந்து, பலகையை எடுத்துவிடலாம் என்றார்.

நிழற்கூடம் ஒரு நிமிடம் திகைத்து, அப்புறம் கொல்லென்று சிரித்தது.

"அதானே பார்த்தேன்! தனக்கு வந்தாத்தான் தலைவலியும் காய்ச்சலும்!"

"நேத்து வரைக்கும் சட்டம், இன்னைக்கு ஓட்டையா?"

"என் வண்டிக்கும் வயசாயிடுச்சு. எடுத்துடலாம்ப்பா, எனக்கும் சௌகரியம்" என்று மலை வரிசைக்காரர் ஒருவர் மனசாட்சியோடு சொன்னார்.

ரெண்டாயிரம் சத்தம் அடங்கும்வரை நின்றார். "எனக்காகத்தான் கேக்கறேன். பொய் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரி மேல இருக்கா, நான் கீழ இருக்கேன். ஆனா எடுக்கறதா இருந்தா முதல்ல போக வேண்டியது நான் இல்ல. மூணு வருஷம் முந்தி நான் திருப்பி அனுப்பினேனே, அந்தத் தங்கச்சி."

எல்லோரும் மிக்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"மூணு வருஷம் கழிச்சு டர்போ புரிஞ்சுதாண்ணே, இல்ல டம்ளரா?"

"ரெண்டும்" என்றார் அவர்.

"அப்ப நான் சொல்றேன், கேட்டுக்குங்க" என்று அவள் நிமிர்ந்தாள். "மேல போகப் போகக் காத்து லேசாகுது. ஆஸ்பத்திரி வாசல்ல நீங்களே நாலு படி ஏறினா மூச்சு வாங்குதா இல்லையா? உங்க பழைய வண்டிகளும் அப்படித்தான் வாங்கும். எவ்வளவு பெரிய வயிறா இருந்தாலும் தானா வர்ற காத்துதான் உள்ள போகும். எனக்குக் காத்தாடி அமுக்கித் தள்ளும். கடுகு சிறுத்தாலும்..."

"நிறுத்தும்மா!" என்றார் பல்செட்டு. "கடுகு வேண்டாம். மூணு வருஷமா அந்தக் கடுகைக் கேட்டுக் கேட்டு நெஞ்சே எரியுது."

"ஏறும், ஒத்துக்கறேன்" என்றார் ரெண்டாயிரம். "இறங்கறதுக்கு என்ன சொல்ற? ஏறும்போது காத்தாடி உதவும். இறங்கும்போது காலை எடுத்துட்டா அதுவும் தூங்கும், உன் இன்ஜினும் சின்னது, வண்டியைப் பிடிச்சு நிறுத்தாது. பிரேக்கையே நம்பி வந்தா பாதி வழியில தீயற வாசனை வரும்."

அது நியாயமான கேள்வி என்று மிக்சிக்குத் தெரியும். "ஒரு கியர் குறைச்சு இறங்குவேன்" என்றாள். "உங்க வண்டி ரெண்டாவதுல வந்தா நான் ஒண்ணாவதுல வருவேன். கத்தும். கத்தட்டும்."

கடைசியில் முடிவானது இதுதான். சிசிக் கணக்கு போகட்டும். வண்டியும் டிரைவரும் சேர்ந்து ஏறிக் காட்ட வேண்டும். ஆள் நிரம்ப மாமியார் வளைவில் நிறுத்தி, ஒரு அடிகூடப் பின்னால் வராமல் எடுக்க வேண்டும். உச்சிக்குப் போய்த் திரும்பி இறங்கி வந்ததும், மெக்கானிக் சக்கரத்தை முகர்ந்து பார்ப்பான். எத்தனை வாய்ப்பு என்று யாரோ கேட்டார்கள். "ஒண்ணே ஒண்ணு. மலை ரெண்டாவது தடவை கேக்காது" என்று சொன்னதும் ரெண்டாயிரம்தான். தவறினால் ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி வரலாம்.

பாரமாக ஏறுவதற்குச் சங்கத்தின் தூண்களான நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எடையிலும் தூண்கள்தான். மிச்சப்பேர் வேறு வண்டிகளில் போய் வளைவில் நின்றுகொண்டார்கள். பல்செட்டு தரையில் ஒரு கோடு கிழித்தார்.

மிக்சி முதலில் வந்தாள். கோட்டில் முன்சக்கரத்தை வைத்து நிறுத்தினாள். கை பிரேக்கை இழுத்தாள். ஆக்சிலேட்டரை மிதித்ததும் இன்ஜின் ஒரு ராகம் எடுத்தது. ஓரமாக நின்றவர்களில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். கிளட்ச் ஏறியது, கை பிரேக் இறங்கியது, வண்டி கோட்டை மிதித்துக்கொண்டு முன்னால் போனது. ஒரு விரல்கடைகூடப் பின்னால் வரவில்லை. உள்ளே இருந்த நான்கு தூண்களும் கோயில் சிலை மாதிரி அசையாமல் இருந்தார்கள். திரும்பி இறங்கும்போது, சொன்ன மாதிரி ஒன்றாவது கியரில், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வந்தாள். மெக்கானிக் சக்கரத்தருகே உட்கார்ந்து முகர்ந்தான். "கொஞ்சம் சூடுதான். ஆனா தீயலை" என்றான்.

அடுத்தது ரெண்டாயிரம்.

அதே நான்கு பேர். ஏறி வரும் வழியிலேயே மிக்சி நெற்றியைச் சுருக்கினாள். அவர் இன்ஜின் வாய் திறக்கும் முன்பே கியரை மாற்றி மாற்றி, பழைய டீசலை நடத்துகிற மாதிரி நடத்திக்கொண்டு வந்தார். வண்டி முக்கி முக்கி வந்தது. கோட்டில் நின்றது.

அவர் இடது கால் தன்பாட்டுக்குக் கிளட்சை விட்டது. எத்தனையோ வருடங்களாக ஒவ்வொரு நாளும் இதே இடத்தில் விட்ட மாதிரி, மெதுவாக, பதவிசாக. வலது கால் ஆக்சிலேட்டர் மேல் பூ மாதிரி இருந்தது. பழைய வண்டியாக இருந்தால் நடந்திருக்கும். அதன் இழுப்பு அடியிலேயே இருந்தது. இந்த வண்டியின் இழுப்பு இன்னும் கொஞ்சம் மேலே, இன்ஜின் சுற்றிக் காத்தாடியை எழுப்பிய பிறகுதான் இருந்தது. காத்தாடி எழவில்லை. எழாதவரை அது வெறும் மூன்று சிலிண்டர் சின்ன இன்ஜின், ஐந்து பேரின் பாரம், மாமியார் வளைவு.

"அண்ணே, மிதிங்க!" என்று மிக்சி ஓரத்திலிருந்து கத்தினாள். "கத்தட்டும்! வலிச்சு கத்தலைண்ணே, அதோட குரலே அதுதான்!"

அவர் காதில் விழுந்தது. கால்தான் கேட்கவில்லை. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. பின்னால் சரிந்து, மெக்கானிக் தயாராக வைத்திருந்த கல்லில் முட்டி நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. பல்செட்டு தொண்டையைக் கனைத்தார். "ஆனைக்கும் அடி சறுக்கும். புது வண்டி. இன்னொரு தடவை எடுப்பா."

ரெண்டாயிரம் கதவைத் திறந்து இறங்கினார். கோட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எவ்வளவு என்று குனிந்து பார்த்தார். "ஒரு தடவைதான்னு சொன்னது நான்" என்றார். "வண்டி பாஸ்தான்ப்பா. டிரைவர்தான் பெயில்." மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்து, கீழே கொண்டுவரச் சொன்னார்.

அன்று மத்தியானமே ஏணி போட்டு ஏறிப் பலகையை அவரே மாற்றி எழுதினார். வேறு ஆள் எழுதினால் எழுத்து கோணும் என்றார். ஒருத்தர் கூடத் தடுக்கவில்லை.

மறுநாள் காலையில் மிக்சியின் வண்டி மருந்துக்கடை வாசலில் நின்றது. நாலைந்து முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டாள். மத்தியானத்துக்குள் ஒரு தடவை போய் வந்துவிட்டாள். இரண்டாவது நடைக்கு மூன்று பேர் சேர்ந்தார்கள், நாலாவது ஆள் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாலையைத் தாண்டி, தரை வரிசைக்கு வந்து, அவருடைய ஜன்னலில் தட்டினாள்.

"அண்ணே, முன் சீட்டு காலி."

"எனக்கு டர்ன் வரப்போகுது."

"தரையில தானே? தரை எங்கயும் ஓடிப்போகாது. ஏறுங்க."

"இல்லம்மா, பார்க்கறவங்க என்ன..."

"நான் உங்களைச் சும்மா கூட்டிட்டுப் போகலை. டிக்கெட் வாங்கிட்டுத்தான். வாயை மூடிட்டு வரணும், அவ்வளவுதான். பின்சீட்டு டிரைவரைக்கூடப் பொறுத்துக்குவேன், முன்சீட்டு டிரைவரைப் பொறுக்க மாட்டேன்."

அவர் வண்டியைப் பூட்டிவிட்டுப் போய் ஏறினார். ஸ்டாண்ட் மொத்தமும் வேறு எங்கோ பார்ப்பதாகப் பாவனை செய்தது.

வழி முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வலது கால் காலடி விரிப்பை மிதித்துக்கொண்டே வந்தது. எங்கே அவர் கியரை மாற்றியிருப்பாரோ அங்கே அவள் மாற்றவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டாள், இன்னும் கொஞ்சம், சத்தம் ஏறியது, அவர் பல்லைக் கடித்தார். அந்தச் சத்தத்துக்கு அடியில் மெல்லிய விசில் ஒன்று கேட்டது. அது கேட்ட கணத்தில் முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து அழுத்தியது போல இருந்தது. அப்புறம்தான் மாற்றினாள்.

"கேட்டுச்சா?" என்றாள் மிக்சி, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ம்."

"விசில் வர்றதுக்கு முன்னாடி நீங்க மாத்திடறீங்க. ஆள் வந்து கதவைத் தட்டறதுக்குள்ள விளக்கை அணைச்சுட்டா எப்படி?"

பின்சீட்டில் இருந்த பெண்மணி, என்ன பேச்சு என்று புரியாமல், "யாருங்க வீட்டுக்கு வந்தது?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். மிக்சி கீழே போகிறவர்களுக்காகத் திண்டு ஓரமாக வண்டியை நிறுத்தினாள். "நாலு பேர் சேர்ந்ததும் ஹாரன் அடிக்கறேன்ணே. வந்துடுங்க" என்றாள்.

சலவைக்கூடத்தின் பின்பக்கம் போர்வைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பேருந்து நேரம் இல்லையே என்று அவள் முகம் முதலில் கணக்குப் போட்டது.

"பாஸாயிட்டீங்களா?"

"பெயில்."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"பாஸான வண்டியில. டிக்கெட் வாங்கி."

அவள் பெஞ்சில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் செய்தாள். சாப்பாட்டைத் திறந்து பாதியை மூடிக்கு மாற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் சாப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை வாசல் பக்கம் காதைக் கொடுத்தார். பழைய நாட்களில் பானெட்டை எட்டிப் பார்ப்பதற்காக நடுவில் இரண்டு தடவையாவது எழுந்து போவார். இன்றைக்குப் போய்ப் பார்க்க அவருக்கு வண்டி இல்லை.

"என்ன, போகணுமா?" என்றாள் அவள்.

"கீழ போக நாலு பேர் சேரணும். சேர்ந்தா ஹாரன் அடிப்பா."

"இப்ப எத்தனை பேர்?"

"நான் வரும்போது ஒருத்தர் நின்னுட்டிருந்தார்."

அவள் தண்ணீர்ப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, காற்றில் ஆடிய போர்வையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா சேரட்டும்" என்றாள்.